மணலில் இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்ற எதை வாங்குவது?

மணலில் புதையாமல் ஓட்டுவதற்காக டயர் காற்றைக் குறைத்துக்கொள்கிறோம். அப்படி இறக்குவது பெரிய விஷயமே இல்லை. ஒரு சின்னக் குச்சியோ சாவி முனையோ போதும், வால்வு ஊசியை அமுக்கிப் பிடித்தால் புஸ்ஸென்று போய்விடும். திரும்ப ஏற்றுவதில்தான் இருக்கிறது கதை. பாலைவனத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் வண்டியைப் பற்றி நூறு கேள்வி கேட்பார்கள், ஷவல் எவ்வளவு நீளம் வேண்டும், கொடிக்கம்பு எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள், வெளியே வரும்போது காற்றுக்கு என்ன ஏற்பாடு என்றால் மட்டும் "பங்க்ல அடிச்சுக்கலாம்ணே" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

நான் இருப்பது ஷார்ஜாவில். பழைய பஜேரோ, டயர் 265/65ஆர்17. ஹத்தா ரோட்டில் பிதாயர் பக்கம் முதல் தடவை மணலில் இறங்கியபோது டயரில் 15 பிஎஸ்ஐ (பிஎஸ்ஐ என்பது காற்றழுத்தத்தின் அளவு) வைத்து ஓட்டினேன். நன்றாகவே ஓடியது. பதினொரு மணிக்கு வெளியே வந்து, சிகரெட் லைட்டரில் செருகுகிற கைக்கடக்கமான பம்ப் ஒன்றை எடுத்தேன். பெட்டியில் 150 பிஎஸ்ஐ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால் வாங்கியது. முதல் டயர் 15-லிருந்து 24 வருவதற்குள் ஹோஸின் அடிப்பகுதியைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. இரண்டாவது டயரில் ஒரு வாசனை வந்தது, ஃபேன் பெல்ட் தீய்கிற மாதிரி, அப்புறம் சத்தமே இல்லை. பம்ப் போனதோடு சாக்கெட்டின் ஃபியூஸும் போயிருந்தது. எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், ராமநாதபுரத்துக்காரர், தன் நிஸான் பேட்ரோல் வண்டியில் இருந்து இரும்புப் பெட்டி மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "தம்பி, பெட்டியில போட்டிருக்கிற பிஎஸ்ஐயைப் பார்த்து வாங்குனியா? ஒன் டயருக்கு நாப்பதுக்கு மேல என்னைக்காவது தேவைப்படுமா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அவர் கேட்டதுதான் முழு விஷயமும். அழுத்தம் கொடுக்க எந்தப் பம்பாலும் முடியும், சைக்கிள் பம்பாலும் முடியும். நமக்கு வேண்டியது அளவு. எவ்வளவு காற்று, எவ்வளவு நேரத்தில், சூடேறி நின்றுபோகாமல்.

முதலில் உங்கள் நான்கு டயருக்கும் எவ்வளவு காற்று வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுங்கள். என் டயர் மாதிரி ஒன்றின் உள்ளே சுமார் 65 லிட்டர் இடம் இருக்கிறது. நாம் மூச்சு விடுகிற காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதனால் ஒரு டயரை 14.7 பிஎஸ்ஐ ஏற்ற வேண்டுமென்றால், வெளிக்காற்றில் 65 லிட்டரை எடுத்து உள்ளே திணிக்க வேண்டும். 15-லிருந்து 35-க்கு 20 பிஎஸ்ஐ. 20-ஐ 14.7-ஆல் வகுத்து 65-ஆல் பெருக்கினால் 88 லிட்டர். நான்கு டயருக்கு 350-க்குக் கொஞ்சம் மேலே. இந்த 350 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், இனி எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் அளக்கப்போகிறேன்.

சுசூகி ஜிம்னி மாதிரிச் சின்ன ஜீப் வைத்திருப்பவர்களுக்கு யோகம். கம்பெனியில் இருந்து வருகிற 195/80ஆர்15 டயருக்குள் நாற்பது லிட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் இடம். ரோட்டுக்கும் அவர்களுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு போதும். 14-லிருந்து 26-க்கு ஏற்ற ஒரு டயருக்கு சுமார் 35 லிட்டர், நான்குக்கும் சேர்த்து 140. என் வண்டிக்கு வேண்டியதில் பாதிகூட இல்லை. பேட்ரோல், லேண்ட் க்ரூஸர் டயரெல்லாம் 75, 80 லிட்டர் பிடிக்கும், அதற்கு நான்குக்கும் 400-ஐத் தாண்டும். 35 இன்ச் டயர் மாட்டியவர்கள் ஒரு டயருக்கு 100 லிட்டருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். ஜிம்னி வைத்திருக்கிற நண்பர் "இது அருமையான பம்ப், எனக்குப் பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அதை நம்பி பேட்ரோல்காரர் வாங்கினால் தப்பு அவருடையது.

எவ்வளவு இறக்குகிறோம் என்பதும் இதே கணக்கில் வரும். 18-லேயே வண்டி ஓடுகிறது என்றால் சும்மா வீம்புக்கு 12-க்கு இறக்காதீர்கள். 18-லிருந்து 35 என்றால் 17 ஏற்ற வேண்டும், 12-லிருந்து என்றால் 23. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேலை, பம்புக்கும் முழங்காலுக்கும்.

பங்க்கை நம்பலாமா?

நம்பலாம், பங்க் பக்கத்தில் இருந்தால். பிதாயர் பக்கம் ரோட்டோரத்திலேயே டயர் கடைகள் உண்டு, மணலில் இருந்து வருகிற வண்டிகளுக்குக் காற்று அடிப்பதே அவர்களுக்கு ஒரு வியாபாரம். பெரிய கம்ப்ரசர், தடித்த ஹோஸ், ஒரு டயருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. காசு கொடுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டே நிற்கலாம். அங்கே மட்டும் போகிறவர் என்றால் பெரிய கம்ப்ரசர் வாங்காமலேகூட ஒப்பேற்றலாம்.

ஆனால் எல்லா இடமும் பிதாயர் இல்லை. அபுதாபியின் தெற்கே லிவாவில் மொரீப் மணல்மேட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஊருக்குள் வரவே இருபது கிலோமீட்டருக்கு மேல் தார் ரோடு. 15 பிஎஸ்ஐயில் அந்தத் தூரத்தை ஓட்டுவது நல்ல யோசனை இல்லை. காற்றுக் குறைந்த டயரில் பக்கச் சுவர், அதுதான் சைட்வால், ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சூடாகுமே, அதே சங்கதிதான். மணலில் மெதுவாகப் போகிறோம், தாங்கும். தார் ரோட்டில், அதுவும் வெயிலில், எண்பதில் போனால் சூடு ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் டயர் கிழியும். கிழியாமல் போனாலும் உள்ளே நூல் அறுந்து, மூன்று மாதம் கழித்து ஹைவேயில் 120-இல் போகும்போது வெடிக்கலாம், அப்போது காரணம் என்னவென்று யாருக்கும் புரியாது. வேறு வழியே இல்லை என்றால் நாற்பதைத் தாண்டாமல், திருப்பத்தில் வெடுக்கென்று ஸ்டியரிங் ஒடிக்காமல் ஓட்டுங்கள். ஒடித்தால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

இன்னொன்று. சனி, ஞாயிறு மத்தியானம் மணல் பகுதிக்குப் பக்கத்துப் பங்க் எல்லாவற்றிலும் காற்று மெஷின் முன்னால் வரிசை. சில மெஷின்களில் ஹோஸ் வாய் உடைந்திருக்கும், சிலது 'பீப் பீப்' என்று கத்திவிட்டு ஒன்றும் ஏற்றாது. நான் ஒரு தடவை மூன்று பங்க் அலைந்தேன், மூன்றாவதில்தான் காற்று வந்தது. காற்று இலவசம்தான், நாக்கு வறண்டது தனிக்கணக்கு.

ஊரில் இருக்கிற என் மச்சான் மஹிந்திரா தார் ஜீப் வாங்கி, திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இங்க அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு பஞ்சர் கடை இருக்கு மாப்ள, எனக்கு எதுக்கு கம்ப்ரசர்" என்றான். அவன் சொல்வது நியாயம்தான். அவனுக்கு டயர் அழுத்தம் பார்க்க ஒரு நல்ல கேஜும், அவசரத்துக்கு ஒரு சின்னப் பம்பும் போதும். வெளியேறும் இடத்தில் இருந்து காற்று கிடைக்கிற இடம் எவ்வளவு தூரம் என்பதுதான் முதல் கேள்வி. ஓரிரு கிலோமீட்டர் என்றால் செலவு வேண்டாம். அதற்கு மேல் என்றால் சொந்தமாக ஒன்று வேண்டும்.

12 வோல்ட் கம்ப்ரசர்

பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதுதான் பதில், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதில் இரண்டு ஜாதி. சிகரெட் லைட்டரில் செருகுவது ஒன்று, பேனட்டைத் திறந்து பேட்டரியில் கிளிப் போடுவது இன்னொன்று. பெரிய டயர் என்றால் செருகுவதை இப்போதே மறந்துவிடலாம். வண்டியின் சாக்கெட் மூடியைத் திறந்து பாருங்கள், பல வண்டிகளில் 120 வாட் என்று போட்டிருக்கும். 12 வோல்ட்டுக்கு அது 10 ஆம்பியர். நல்ல கம்ப்ரசர் 30 ஆம்பியர் இழுக்கும். பத்து ஆம்பியர் குழாயில் முப்பது ஆம்பியர் தண்ணீர் வராது. செருகுகிற பம்ப் சின்னதாகத்தான் இருக்க முடியும், அது செய்தவர் குற்றம் இல்லை, சாக்கெட்டின் எல்லை அது.

வாங்கும்போது பெட்டியில் இருக்கிற பிஎஸ்ஐயை ஒதுக்கிவிட்டு லிட்டரைத் தேடுங்கள். நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர் என்றிருக்கும், அமெரிக்கப் பொருள் என்றால் நிமிஷத்துக்கு இத்தனை கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். இதிலும் ஒரு சூது இருக்கிறது. பெரும்பாலும் போட்டிருப்பது ஹோஸ் எதிலும் மாட்டாமல் சும்மா ஊதும்போது வருகிற அளவு. டயருக்குள் 30 பிஎஸ்ஐ எதிர்த்துத் தள்ளும்போது அது குறையும். நல்ல கம்பெனிகள் இரண்டையும் சொல்வார்கள். ஏஆர்பி என்ற ஆஸ்திரேலியக் கம்பெனியின் ஒற்றை மோட்டார் பெரிய கம்ப்ரசர் சும்மா ஊதும்போது நிமிஷத்துக்கு 87 லிட்டர், 29 பிஎஸ்ஐயில் சுமார் 75. அவர்களுடைய இரட்டை மோட்டார் மாடல் 174, 29 பிஎஸ்ஐயில் 131. எதிர்ப்பு வந்ததும் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மலிவான பம்பில் இந்த இறக்கம் இன்னும் மோசமாக இருக்கும், அதைப் பெட்டியில் போடவும் மாட்டார்கள்.

இப்போது நம் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 75 லிட்டர் தருகிற கம்ப்ரசர் ஐந்து நிமிஷத்துக்குள் முடிக்கும். டயருக்கு டயர் நடந்து, குனிந்து, மூடி தேடி, கேஜ் பார்த்து எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். 130 தருவது மூன்று நிமிஷம், மற்ற வேலையோடு எட்டு. ஆக இரட்டை மோட்டாருக்குக் கொடுக்கிற காசில் எனக்கு மிச்சமாவது இரண்டு நிமிஷம், அதனால் நான் வாங்கவில்லை. 35 இன்ச் டயர்காரருக்கும், கூட்டத்தில் எல்லா வண்டிக்கும் அடித்துக் கொடுக்கிற தர்மகர்த்தாவுக்கும் அது அர்த்தமுள்ள செலவு. எதிர்ப்பக்கம், நிஜத்தில் நிமிஷத்துக்கு 20 லிட்டர் மட்டும் தருகிற பம்ப் பதினெட்டு நிமிஷம் ஓடியாக வேண்டும். ஓடுமா?

அங்கேதான் ஓட்டமும் ஓய்வும் என்ற கணக்கு வருகிறது. கம்ப்ரசருக்கு இத்தனை சதவீத நேரம்தான் ஓடலாம் என்று ஒரு அளவு உண்டு. 33 சதவீதம் என்றால் பத்து நிமிஷம் ஓடினால் இருபது நிமிஷம் ஆற வேண்டும். அது 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில், இருபத்திரண்டு டிகிரி மாதிரிக் குளுகுளு அறையில் எடுத்த அளவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நாம் அடிப்பது 35 பிஎஸ்ஐ, அதனால் அதைவிடக் கூடுதல் நேரம் ஓடும், சரி. ஆனால் ஜூன் மாத மத்தியானம் நாற்பத்தைந்து டிகிரியில், சூடான மணல் மேல் உட்கார்ந்து ஓடினால் அந்த லாபம் கரைந்துவிடும். சூடு ஏறியதும் தானாக நின்று, ஆறியபின் ஓடுகிற பாதுகாப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாத பம்ப் நிற்காது, எரியும். என்னுடையது எரிந்தது.

ஒரு டயர் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்று சொல்ல ஆசை, கடைக்காரர் விடமாட்டார். வாங்கி வந்த அன்றைக்கே வீட்டு வாசலில் சோதித்துவிடுங்கள். ஒரு டயரை 15-க்கு இறக்கி, போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு 35-க்கு ஏற்றுங்கள். இரண்டு நிமிஷத்துக்குள் என்றால் நல்ல சாமான். நான்கு நிமிஷம் என்றால் நான்குக்கும் பதினாறு ஆகும், பொறுமை இருந்தால் வைத்துக்கொள்ளலாம், உடனே இரண்டாவது டயரையும் அடித்துப் பாருங்கள், வேகம் குறைந்தால் சூட்டுக்கு அது தாங்கவில்லை என்று அர்த்தம். ஏழெட்டு நிமிஷம் என்றால் பில் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மற்ற சில்லறை விஷயங்களும் உண்டு. ஹோஸ் நீளம் முக்கியம். பேட்டரி முன்னால் இருக்கிறது, பின் டயர் நான்கு மீட்டர் தள்ளி, ஸ்பேரையும் சேர்த்தால் இன்னும் தள்ளி. ஏழு எட்டு மீட்டர் ஹோஸ் இருந்தால் கம்ப்ரசரை நகர்த்தாமல் முடித்துவிடலாம். ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட பிளாஸ்டிக் ஹோஸ் பார்க்க அழகு, இழுத்தால் வால்வில் இருந்து பிடுங்கிக்கொண்டு ஓடும், சூட்டில் கொழகொழவென்று ஆகும். துணி நூல் பின்னிய ரப்பர் ஹோஸ் நல்லது. வால்வில் மாட்டும் வாய் பித்தளைத் திருகாக இருந்தால் கழற்றும்போது ஒன்றிரண்டு பிஎஸ்ஐ காற்று போகும், விரலும் சுடும். அமுக்கி மாட்டும் கிளிப் வகை வசதி, ஆனால் அதை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தால் கசியும்.

வண்டிக்குள்ளேயே பொருத்திவிடுகிற கம்ப்ரசரும் இருக்கிறது, பேனட்டுக்குக் கீழே பிராக்கெட் போட்டு. இரண்டு பக்கச் சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டுகிற, காற்றால் இயங்கும் லாக்கரை டிஃபரன்ஷியலில் போடுகிற எண்ணம் இருந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள், ஒரே கம்ப்ரசர் இரண்டு வேலையும் செய்யும். எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டேன் என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஆனால் வண்டியை விற்றால் அதுவும் போகும், நண்பர் வண்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது.

பேட்டரியில் ஓடும் கைப் பம்ப்

டிரில் மெஷின் பேட்டரியில் ஓடுகிற பம்ப் இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. எத்தனை பிஎஸ்ஐ என்று தட்டிவிட்டால் அதில் தானாக நிற்கும், வயர் இல்லை, பேனட் திறக்க வேண்டாம். பஞ்சர் ஆன டயருக்கு, இரண்டு மூன்று பிஎஸ்ஐ சரி செய்ய, இதைவிடச் சுகம் இல்லை. நான்கு பெரிய டயரை 20 பிஎஸ்ஐ ஏற்றுவது வேறு கதை. 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 90 வாட்-அவர். 400 வாட் கம்ப்ரசர் ஒன்று எட்டு நிமிஷம் ஓடினாலே ஐம்பதுக்கு மேல் போகும், சின்னப் பம்பில் சூடாகவே பாதி வீணாகும். அதனால் ஒரு பேட்டரியில் நான்கு டயரும் முடியலாம், மூன்றரையில் நிற்கவும் நிற்கலாம். ஜிம்னிக்குத் தாராளம். பாக்கெட்டில் வைக்கிற குட்டிப் பம்பெல்லாம் மணலுக்கானது இல்லை, பைக்குக்கும் குழந்தைகளின் பந்துக்கும்.

லித்தியம் பேட்டரியைக் கோடையில் மூடிய காருக்குள் விட்டுவிட்டு ஆபீஸ் போகாதீர்கள், பேட்டரிக்கும் கெடுதல் காருக்கும் கெடுதல். ஆக வெள்ளிக்கிழமை ராத்திரி சார்ஜ் போட்டு, மறக்காமல் எடுத்து வைக்க வேண்டிய சாமான் இது. நான் மறந்துவிடுகிற ஆள்.

சிலிண்டர் வகைகள்

கரியமில வாயு சிலிண்டர் மாதிரி வேகம் வேறெதிலும் இல்லை. ஒரு டயர் அரை நிமிஷம். நான்கரைக் கிலோ நிரப்பிய சிலிண்டர், வாயுவாக விரிந்தால் சுமார் 2,450 லிட்டர். நம் 350-க்கு ஏழு வண்டி. சத்தம் இல்லை, சூடு இல்லை, மின்சாரம் வேண்டாம். கேட்கவே நன்றாக இருக்கும், ஆனால் வளைகுடாக் கோடையில் எனக்கு இதில் ஒரு பயம் உண்டு. அந்தச் சிலிண்டருக்குள் இருப்பது திரவம். இருபது டிகிரியிலேயே உள்ளே 57 பார் அழுத்தம், அதாவது 800 பிஎஸ்ஐக்கு மேல். 31 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற பேதமே இல்லாமல் போய், சூட்டோடு அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். பூட்டிய கார் வெயிலில் நின்றால் உள்ளே அறுபது டிகிரி சாதாரணம். சிலிண்டரில் பாதுகாப்புத் தகடு இருக்கும், அழுத்தம் மிஞ்சினால் அது உடைந்து வாயு வெளியேறும், ஆனால் நீங்கள் ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கும்போது அது உள்ளே உடையக்கூடாது. குளிர்காலத்தில் மட்டும், நிமிர்த்தி வைத்துக் கட்டி, அளவுக்கு மேல் நிரப்பாமல், வண்டியை விட்டு இறங்கும்போது சிலிண்டரையும் இறக்குகிறவருக்கு இது பொருந்தும். படுக்க வைத்துத் திறந்தால் திரவமே வெளியே வந்து ரெகுலேட்டரை உறைய வைத்துவிடும். தீர்ந்தால் நிரப்பித் தரும் கடை பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், வெள்ளிக்கிழமை மாலை தேடாதீர்கள். ரப்பர் வழியாக கரியமில வாயு சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியும், அதனால் அடுத்த வாரம் டயர் கொஞ்சம் இறங்கியிருந்தால் பஞ்சர் என்று பதற வேண்டாம்.

கடலில் முங்குகிறவர்களின் டேங்க் இன்னொரு வழி. 12 லிட்டர் டேங்க், 200 பார் அழுத்தம், ஆக 2,400 லிட்டர் காற்று. கணக்கில் கரியமில வாயு சிலிண்டருக்குச் சமம், உள்ளே வெறும் காற்றுதான் என்பதால் சூட்டில் அழுத்தம் அவ்வளவு வெறியோடு ஏறாது. ஏற்கெனவே டைவிங் போகிறவர் என்றால் இதைவிட வசதி கிடையாது. போகாதவர் டேங்க், ரெகுலேட்டர், குறித்த காலத்துக்கு ஒரு முறை சோதனை என்று இதற்காகவே இறங்குவது வீண் செலவு. ரெகுலேட்டர் இல்லாமல் ஹோஸை நேராக டயரில் மாட்டலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். 200 பார் என்பது 2,900 பிஎஸ்ஐ. அவரிடம் பேச்சை மாற்றிவிட்டேன், பிறகு வீட்டுக்குப் போய் போன் போட்டு, தயவுசெய்து செய்யாதே என்று சொன்னேன்.

கடைகளில் வெறும் காற்று டேங்க் ஒன்று விற்பார்கள், வீட்டிலேயே நிரப்பி எடுத்துக்கொண்டு போகலாம் என்று. 19 லிட்டர், 125 பிஎஸ்ஐ. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? டயரும் டேங்க்கும் 35-இல் சமமானதும் காற்று நகராது. ஆக உபயோகமாவது 90 பிஎஸ்ஐ மட்டும். 90-ஐ 14.7-ஆல் வகுத்து 19-ஆல் பெருக்குங்கள், 116 லிட்டர். ஒன்றே கால் டயர்! கம்ப்ரசரோடு சேர்த்து வைத்தால், ரிம்மை விட்டுக் கழன்ற டயரை ஒரே வீச்சில் காற்றடித்து உட்கார வைக்க உதவும். தனியாக வாங்காதீர்கள்.

காலால் மிதிக்கும் பம்ப்பைப் பற்றியும் ஒருவர் கேட்டார். ஒரு மிதிக்கு அரை லிட்டர் என்று தாராளமாகவே கணக்குப் போட்டால் எழுநூறு மிதி. சபரிமலைப் படிகளை அதைவிடச் சீக்கிரம் ஏறி இறங்கிவிடலாம்.

அடிக்கும்போது

எஞ்சினை ஓட விட்டு அடியுங்கள். எஞ்சின் நின்றிருந்தால் பேட்டரி 12-க்குப் பக்கத்தில் தருகிறது, ஓடும்போது ஆல்டர்நேட்டர் 14-க்குப் பக்கத்தில் தருகிறது, கம்ப்ரசர் சுற்றும் வேகத்திலேயே வித்தியாசம் தெரியும். பாலைவன நடுவில் பேட்டரியைக் காலி செய்துவிட்டு நான்கு டயரும் நிறைந்த வண்டியைத் தள்ளுகிற காட்சியும் நான் பார்த்திருக்கிறேன். சிவப்புக் கிளிப் முதலில், கருப்பு பிறகு, கம்ப்ரசர் ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது.

கம்ப்ரசரை மணலில் வைக்காதீர்கள். அது பக்கத்தில் இருக்கிற காற்றைத்தான் உறிஞ்சுகிறது, பவுடர் மாதிரி மணலும் உள்ளே போனால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிடும். கால் மிதி ரப்பர் மேட்டை எடுத்துப் போட்டு அதன் மேல், வண்டி நிழல் விழும் பக்கம் வையுங்கள். உறிஞ்சும் இடத்தில் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் வடிகட்டி இருக்கும், நாலைந்து டிரைவுக்கு ஒரு தடவை கழற்றித் தட்டுங்கள். என்னுடையதில் இருந்து முதல் தடவை ஒரு டீஸ்பூன் சிவப்பு மணல் கொட்டியது.

கம்ப்ரசர் ஓடும்போது அதன் கேஜ் காட்டுவதை நம்பாதீர்கள். அது ஹோஸுக்குள் நெருக்கியடிக்கிற அழுத்தம், டயரில் இருப்பதைவிடக் கூடத்தான் காட்டும். நிறுத்திப் பாருங்கள், அதையும் ஒரு தனி கேஜால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வண்டி டாஷ்போர்டில் காட்டுகிற டயர் அழுத்தம் சில வண்டிகளில் கொஞ்ச தூரம் ஓடின பிறகுதான் மாறும், அதைப் பார்த்து அடித்தால் ஐம்பதுக்குக் கொண்டு போய்விடுவீர்கள்.

நான்கு டயரிலும் ஒரே நேரத்தில் மாட்டுகிற நாலுவாய் ஹோஸ் விற்கிறார்கள். நேரம் குறையும் என்று நினைத்து வாங்காதீர்கள், 350 லிட்டர் அதே 350 லிட்டர்தான், கம்ப்ரசர் தருகிற வேகத்தில்தான் வரும். கிடைக்கிற லாபம் வேறு: நான்கும் ஒரே அழுத்தத்தில் வரும், நான்கு முறை உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டாம். எனக்கு முட்டி வலி வந்த பிறகு வாங்கினேன்.

கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அழுத்தம் ஆறின டயருக்கானது. மணலில் இரண்டு மணி நேரம் உருட்டிய டயரும், கம்ப்ரசரில் இருந்து வந்த காற்றும் சூடாக இருக்கும். ஐந்தரை டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு 35 வைத்தது மறுநாள் காலையில் 32 காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம், வெளியே எடுப்பதற்கு முன் மூன்றைச் சேர்த்துவிடுங்கள். ஒரு டயர் மட்டும் 27 காட்டினால், வால்வு வாயில் எச்சில் தடவிப் பாருங்கள். மணல் துகள் ஒன்று ஊசியில் சிக்கி, குமிழி குமிழியாக வந்துகொண்டிருக்கும். ஊசியை இரண்டு முறை தட்டிவிட்டுத் திரும்ப அடித்து, மூடியைப் போடுங்கள்.